மாட்டுக்கு மயக்கம் கொடுக்கும்போது: எந்த மருந்தோடு எந்த மருந்து?

கால்நடை மருத்துவமனைக்கு மாட்டை ஓட்டிச் செல்லும் விவசாயிகள் பலருக்கு ஒரு விஷயம் விளங்குவதில்லை. மனிதருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் படுக்க வைத்து மயக்கம் கொடுக்கிறார்கள். ஆனால் மாட்டின் வயிற்றைத் திறந்து பிளாஸ்டிக் பைகளையும் கம்பித் துண்டுகளையும் வெளியே எடுக்கும்போது, மாட்டை நிற்க வைத்தே, ஒரு பக்கத்தை மட்டும் மரக்கச் செய்து வேலையை முடித்துவிடுகிறார்கள். மாடு அசையாமல் நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. மயக்க மருந்துக்குச் செலவு செய்ய மனமில்லாமல் இப்படிச் செய்கிறார்களோ என்றுகூடச் சிலர் நினைப்பதுண்டு.

அப்படியல்ல. மாட்டை முழு மயக்கத்தில் கீழே சாய்ப்பது, கத்தி வைப்பதைவிடப் பல சமயங்களில் அபாயமானது. இதற்குக் காரணம் அதன் வயிற்றின் அமைப்பு. இதைப் புரிந்துகொண்டால், டாக்டர் ஏன் ஒரு மாட்டுக்கு ஒரு மருந்தையும் இன்னொரு மாட்டுக்கு இரண்டு மூன்று மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கிறார் என்பதும், முதல் நாளே தீவனத்தை நிறுத்தச் சொல்வது ஏன் என்பதும் தாமாகவே விளங்கும்.

படுத்தால் வரும் அபாயம்

வளர்ந்த பெரிய பசுவின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடியது. அதற்குள் தீவனம் இரவு பகலாக நொதித்துக்கொண்டே இருக்கிறது. நொதிக்கும்போது உண்டாகும் வாயுவை மாடு ஏப்பமாக விட்டுக்கொண்டிருக்கிறது. மயக்கத்தில் ஏப்பம் நின்றுவிடும், நொதிப்பது நிற்காது. ஒருபக்கமாகப் படுத்த மாட்டின் வயிறு வீங்கி, நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் திரையை நெருக்கும். மூச்சு இழுக்க இடமில்லாமல் போகும். பெரிய இரத்தக் குழாய்களும் அழுந்துவதால் இருதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தமும் குறையும்.

இரண்டாவது அபாயம், வயிற்றில் உள்ளது தொண்டைக்கு ஏறி வருவது. அசை போடும் பிராணிக்கு இது பழக்கமான செயல்தான். ஆனால் மயக்கத்தில் விழுங்கும் சக்தி இல்லாதபோது அந்தத் தண்ணீரும் தட்டையும் மூச்சுக்குழாயில் இறங்கினால், மாடு அங்கேயே மூச்சடைத்துச் சாகலாம். தப்பினாலும் சில நாட்களில் நுரையீரல் அழற்சி கண்டு நலிந்துவிடும்.

மூன்றாவது, உமிழ்நீர். பெரிய பசு ஒரு நாளில் நூறு லிட்டர் அளவுக்குக்கூட உமிழ்நீர் சுரக்கிறது. மயக்கத்திலும் அது நிற்பதில்லை. நாய்க்கும் பூனைக்கும் உமிழ்நீரைக் குறைக்க அட்ரோபின் ஊசி போடுவது வழக்கம். மாட்டில் அட்ரோபின் உமிழ்நீரைக் கெட்டியாக்குகிறதே தவிர முழுவதும் நிறுத்துவதில்லை. வயிற்றின் அசைவையும் குறைத்துவிடுகிறது. ஆகவே மாட்டுக்கு அதை வழக்கமாகப் போடுவதில்லை. கழுத்துக்கு அடியில் வைக்கோல் மூட்டையை வைத்து, வாய் தாழ்வாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, எச்சில் தானே வெளியே வழிந்து போகச் செய்வதுதான் இதற்கு நல்ல வைத்தியம்.

இந்த மூன்று அபாயங்களையும் கருதித்தான், முடிந்த இடத்தில் எல்லாம் மாட்டை நிற்க வைத்தே வேலையை முடிக்கிறார்கள். இடது பக்கம் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள குழியில் வயிற்றைத் திறக்க வேண்டுமானால், முதுகெலும்பின் ஓரமாக வெளிவரும் நரம்புகளில் 2 சதவிகித லிக்னோகெயின் போட்டால் அந்தப் பக்கம் முழுவதும் மரத்துவிடும். கொம்பில் புற்று வந்த காளைக்குக் கொம்பை எடுக்க, கண்ணின் ஓரத்துக்கும் கொம்பின் அடிக்கும் நடுவே ஊசி போடுகிறார்கள். அடி தள்ளிய மாட்டுக்கு வாலடியில் ஒரு சிறு ஊசி போதும். கன்று எடுக்கும் வயிற்று ஆபரேஷன்கூட இப்படியே நடக்கிறது. மாடு முரண்டு பிடித்தால் மட்டும் சாந்தப்படுத்தும் மருந்தை மிகக் குறைந்த அளவில் சேர்ப்பார்கள். அளவு சற்று மீறினால் நிற்க வேண்டிய மாடு ஆபரேஷன் நடுவே படுத்துக்கொள்ளும்.

ஆனால் எல்லா வேலையையும் நிற்க வைத்துச் செய்ய முடியாது. கன்றின் தொப்புள் குடலிறக்கம், கால் எலும்பு முறிவு, எருமைகளுக்கு வரும் உதரவிதானக் கிழிசல் போன்றவற்றுக்கு மாடு அசையாமல் படுத்தே ஆக வேண்டும். அங்கேதான் மருந்துக் கலவைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய மருந்துகள்

முன்பு பெரிய பிராணிகளை மயக்கக் குளோரல் ஹைட்ரேட் என்ற மருந்தே அதிகம் பயன்பட்டது. தண்ணீரில் கரைத்து இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். இது தூங்க வைக்கும். வலியைப் போக்குவது குறைவு. முழு மயக்கத்துக்கு வேண்டிய அளவும் உயிருக்கு ஆபத்தான அளவும் நெருங்கி இருப்பது இதன் பெரிய குறை. அதனால் மெக்னீசியம் சல்பேட்டை, அதாவது நம் வீடுகளில் தெரிந்த பேதி உப்பை, இதனோடு கலந்து ஏற்றினார்கள். தசைகள் தளர்ந்ததால் குளோரல் ஹைட்ரேட்டின் அளவைக் குறைக்க முடிந்தது. சில இடங்களில் பென்டோபார்பிட்டோன் என்ற மூன்றாவது மருந்தும் சேர்ந்தது. மருந்துகளைக் கலப்பதன் தத்துவம் அப்போதே இதுதான்: ஒரே மருந்தை அதிகமாகக் கொடுத்து அதன் கெடுதலை முழுவதும் அனுபவிப்பதைவிட, இரண்டு மூன்றைச் சிறிதளவாகக் கொடுத்து ஒவ்வொன்றின் நன்மையையும் எடுத்துக்கொள்வது.

ஆனாலும் இந்தக் கலவையில் மாடு எழுந்து நிற்க மணிக்கணக்காகும். அவ்வளவு நேரமும் வயிறு உப்புசமும் எச்சிலும் மாட்டோடு இருக்கும். ஊசி குழாயைவிட்டு விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்தால் அந்த இடம் கறுத்து, அழுகி, சதை கழன்று விழும்.

தயோபென்டோன் இதைவிட விரைவானது. குழாயில் ஏறிய ஒரு நிமிஷத்துக்குள் மாடு சாய்ந்துவிடும்; 10, 15 நிமிஷம் தூங்கும். விழித்துக்கொள்வது மருந்து உடனே அழிந்துபோவதால் அல்ல. மூளையிலிருந்து விலகித் தசைக்கும் கொழுப்புக்கும் பரவுவதால்தான். இதனால் ஒரு விஷயம் ஏற்படுகிறது. எலும்பும் தோலுமாக இருக்கும் மாட்டில் மருந்து போய்த் தங்க இடமில்லை. அது மூளையிலேயே நீடித்து, தூக்கமும் மூச்சுத் தடையும் நீளும். முதல் ஊசி போதாமல் இரண்டாவது, மூன்றாவது என்று ஏற்றினாலும் இதே கதைதான். சின்னக் கன்றுகளும் இதைத் தாங்குவதில்லை. கசிந்தால் சதை அழுகும் தொல்லை இதற்கும் உண்டு. அவசரமாகச் சாய்த்துத் தொண்டையில் குழாய் இறக்குவதற்கு இது நல்ல மருந்து. முழு ஆபரேஷனையும் இதை வைத்தே ஓட்டுவது சரியல்ல.

குதிரை அளவும் மாட்டு அளவும்

இப்போது கிராமத்து மருந்தகம் வரை வந்துவிட்ட மருந்து சைலசின். இது 1962-ல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. தசையில் போட்டாலும் வேலை செய்யும். கசிந்தாலும் சதை அழுகுவதில்லை. சாந்தப்படுத்துகிறது, தசையைத் தளர்த்துகிறது, வலியையும் ஓரளவு குறைக்கிறது. இத்தனை நன்மைகள் ஒரே சீசாவில் இருப்பதால்தான் இதில் எச்சரிக்கையும் அதிகம் தேவைப்படுகிறது.

குதிரைக்கு இரத்தக் குழாயில் கிலோ எடைக்கு 1.1 மில்லி கிராம் சைலசின் கொடுத்தால் அது தலையைத் தொங்கப் போட்டு நிற்கும், படுக்காது. மாட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே, அதாவது கிலோவுக்கு 0.1 மில்லி கிராம் கொடுத்தாலே படுத்துவிடும். 300 கிலோ குதிரைக்கு 330 மில்லி கிராம் என்றால் அதே எடையுள்ள மாட்டுக்கு 30 மில்லி கிராம்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சைலசின் 2 சதவிகிதச் சீசாவிலும் வருகிறது, 10 சதவிகிதச் சீசாவிலும் வருகிறது. 2 சதவிகிதத்தில் ஒன்றரை சி.சி. என்றால் 30 மில்லி கிராம். அதே ஒன்றரை சி.சி.யை 10 சதவிகிதச் சீசாவிலிருந்து எடுத்தால் 150 மில்லி கிராம். கையில் உள்ள ஊசியைப் பார்த்து யாராலும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

மாடுகளுக்குள்ளேயும் இனத்துக்கு இனம் வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள பிராமன் மாடுகளுக்குச் சைலசின் மற்ற மாடுகளைவிடக் கடுமையாகப் பிடிக்கிறது. ஹோல்ஸ்டீன் மாடுகள் அதிகம் தாங்குகின்றன. பிராமன் என்பது நம் நாட்டிலிருந்து சென்ற ஓங்கோல், கிர் போன்ற திமில் மாடுகளிலிருந்து உருவான இனம். ஆகவே காங்கேயம், உம்பளச்சேரி போன்ற திமில் மாடுகளுக்குக் கலப்பினப் பசுவின் அளவை அப்படியே போடாமல், குறைந்த அளவில் தொடங்குவதே விவேகம்.

சைலசின் கொடுக்கக் கூடாத மாடுகள் எவை என்று மாட்டுக்காரர் தெரிந்து வைத்திருப்பது மிகவும் அவசியம். அந்த விவரங்கள் அவருக்குத்தான் தெரியும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் இதற்கு உண்டு. நிறைசினையில் போட்டால் கன்று கலையலாம். கலையாவிட்டாலும் கன்றுக்குப் பிராணவாயு குறையும். இந்த மருந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறி, மாடு அதிகமாகச் சிறுநீர் கழிக்கும். சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கும் காளைக்கன்றுக்கும் கிடாவுக்கும் இதைப் போட்டால், ஏற்கெனவே நிரம்பி நிற்கும் சிறுநீர்ப்பை உடைந்துபோகக்கூடும். நாலைந்து நாள் தீனி எடுக்காமல் வற்றிப்போன மாட்டுக்கு இருதயம் மிகவும் தளர்ந்துவிடும். வெயிலில் உடல் சூட்டைச் சமப்படுத்தும் சக்தியையும் இது குறைத்துவிடுகிறது. சித்திரை வைகாசியில் இத்தகைய ஆபரேஷன்களை விடியற்காலையில், நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

இரட்டை மருந்தும் மூன்று மருந்தும்

சைலசின் மட்டும் கொடுத்த மாடு தூங்குவதுபோல் இருக்கும். கத்தி பட்டால் உதைக்கும். ஆகவே கத்தி வைக்கிற இடத்தில் லிக்னோகெயினும் போட்டாக வேண்டும். சிறிய வேலைகளுக்கு இந்த ஜோடியே போதும். சிறு விவசாயிக்கு இதைவிடச் சிக்கனமானதும் கிடையாது.

எலும்பு முறிவு, குடலிறக்கம் போன்றவற்றுக்குச் சைலசினோடு கெட்டமின் சேர்கிறது. கெட்டமின் வலியை நன்றாகப் போக்கும். மூச்சை அதிகம் அடக்காது. ஆனால் தனியாகக் கொடுத்தால் தசைகள் கட்டைபோல் விறைத்துக்கொள்ளும், பிராணி துள்ளி எழும். சைலசின் தசையைத் தளர்த்தி அந்த விறைப்பைப் போக்குகிறது. சைலசின் இருதயத் துடிப்பைக் குறைக்கும். கெட்டமின் அதைக் கூட்டும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால்தான் இது இன்று உலகெங்கும் பழக்கத்தில் உள்ள ஜோடியாக இருக்கிறது. முதலில் சைலசின், மாடு அடங்கியதும் கிலோவுக்குச் சுமார் 2 மில்லி கிராம் கெட்டமின் குழாயில். 20 முதல் 30 நிமிஷம் வரை வேலை செய்யலாம்.

கெட்டமின் கொடுத்த மாட்டைப் பார்த்து மாட்டுக்காரர் பயந்துபோவது வழக்கம். கண் திறந்தே இருக்கும். இமை அசையும், தொண்டை விழுங்கும். மாடு விழித்துக்கொண்டிருக்கிறது, வலியில் துடிக்கிறது என்று அர்த்தமல்ல. அந்த மருந்தின் தன்மையே அது. கண் காய்ந்துவிடாமல் களிம்பு இட்டு, மண் படாமல் துணியால் மூடினால் போதும்.

அரைமணிக்கு மேல் வேலை நீளும் என்றால் மூன்று மருந்துக் கலவை இருக்கிறது. குவாய்ஃபெனசின் என்பது மனிதருக்கான இருமல் மருந்தில் சளியை இளக்கச் சேர்ப்பது. அதையே 5 சதவிகிதக் கரைசலாக இரத்தக் குழாயில் ஏற்றினால் தசைகள் தளர்கின்றன, மூச்சு அதிகம் தடைப்படுவதில்லை. இதன் ஒரு லிட்டரில் 1 கிராம் கெட்டமினும் சிறிது சைலசினும் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றி, வேலை முடியும்வரை மாட்டை ஒரே நிலையில் வைத்திருக்கலாம். இங்கும் மாட்டுக் கலவையில் சைலசின் 50 முதல் 100 மில்லி கிராம். குதிரைக் கலவையில் 500. குதிரைக்குக் கலந்து மீதமானதை மாட்டுக்கு ஏற்றக் கூடாது. 5 சதவிகிதத்தைவிடக் கரைசல் அடர்த்தியானால் மாட்டின் சிவப்பணுக்கள் உடையும் ஆபத்தும் உண்டு. இந்த மருந்து எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் டாக்டர் கெட்டமினைச் சிறு அளவுகளாகத் திரும்பக் கொடுத்துச் சமாளிப்பார்.

சைலசின் ஆகாத பிராணிக்கு மாற்று, டயாசிபமும் கெட்டமினும் சேர்ந்த ஜோடி. கன்றுகளுக்கும், சிறுநீர் அடைப்புள்ள ஆடுகளுக்கும், மெலிந்த பிராணிகளுக்கும் இது ஏற்றது. இருதயத்தையும் வயிற்றின் அசைவையும் இது அவ்வளவாகப் பாதிக்காது. வலி போக்குவது மட்டும் சைலசின் ஜோடியைவிடக் குறைவு. அத்துடன் மரக்கும் ஊசியும் வேண்டும். பெரிய மாட்டுக்கு டயாசிபம் நிறையச் செலவாகும் என்பதால் அங்கு அதிகம் பயன்படுவதில்லை.

எல்லாவற்றிலும் கட்டுப்பாடானது வாயு மயக்கம். 1956 முதல் ஹாலோத்தேன் பழக்கத்துக்கு வந்தது. இப்போது ஐசோஃப்ளூரேன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் மாட்டின் வாயில் தடுப்பு வைத்து, முழங்கைக்கு மேல் கையை உள்ளே விட்டு, விரலால் குரல்வளையைத் தடவிக் கண்டுபிடித்து மூச்சுக்குழாயில் ரப்பர் குழாயை இறக்குவார். குழாயைச் சுற்றியுள்ள பையில் காற்றடைத்துவிட்டால் எச்சிலோ வயிற்றுத் தண்ணீரோ நுரையீரலுக்குள் போக வழியில்லை. மயக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் நிமிஷத்தில் முடியும். ஆனால் இயந்திரமும் பிராணவாயுவும் பயிற்சியுள்ள ஆட்களும் வேண்டும். வசதியுள்ள பெரிய கால்நடை மருத்துவமனைகளில்தான் இது நடக்கும்.

எருமையின் உதரவிதானக் கிழிசலுக்கு அங்கே போவதைத் தவிர வேறு வழியில்லை. தின்ற கம்பி குத்தி, திரை கிழிந்து, இரைப்பையின் ஒரு பகுதி மார்புக்குள் போய்விட்ட எருமை அது. திரையைத் தைக்கும்போது மார்பும் திறந்துபோவதால் அது தானாக மூச்சு விட முடியாது. இயந்திரமே மூச்சு கொடுக்க வேண்டும். இதற்கு முன்பே நிற்க வைத்து வயிற்றைத் திறந்து தீவனத்தையும் கம்பியையும் வாரி வெளியே போட்டுவிட்டு, ஓரிரு நாள் கழித்துப் படுக்க வைத்துத் தைப்பது வழக்கம். இரண்டு ஆபரேஷனா என்று தயங்குவோர் உண்டு. நிறைந்த வயிற்றோடு அந்த எருமையைச் சாய்த்தால் அது எழுந்திருக்காது.

ஆடுகளுக்குத் தனிக் கவனம்

வெள்ளாடு சைலசினுக்கு மாட்டைவிடவும் அதிகம் மயங்கும். கிலோவுக்கு 0.05 மில்லி கிராமே போதும். செம்மறிக்கு அதே மருந்து நுரையீரலில் நீர் கோக்கச் செய்து மூச்சைத் திணறடிக்கும். லிக்னோகெயினிலும் ஜாக்கிரதை வேண்டும். கொம்பு சுடும்போதோ காயடிக்கும்போதோ பெரிய மாட்டுக்குப் போடுவதுபோல் தாராளமாகப் போட்டால் குட்டிக்கு வலிப்புக் கண்டு இறந்துவிடும். கிலோவுக்கு 5 மில்லி கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 4 கிலோ குட்டிக்கு 2 சதவிகித மருந்து 1 சி.சி.தான் எல்லை. நாலைந்து இடத்தில் போட வேண்டியிருந்தால் அந்த 1 சி.சி.யையே நீர்த்துப் பிரித்துப் போட வேண்டும்.

மாட்டுக்காரர் செய்ய வேண்டியவை

எந்தக் கலவையானாலும் அது பாதி வேலைதான். மீதிப் பாதி முதல் நாளே கொட்டகையில் நடக்கிறது. வளர்ந்த மாட்டுக்கு ஆபரேஷனுக்கு 24 மணி முன்பே தீவனத்தையும், 12 மணி முன்பே தண்ணீரையும் நிறுத்த வேண்டும். பெரிய வயிறாக இருந்தால் தீவனத்தை இன்னும் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆடுகளுக்கு 12 முதல் 18 மணி. பால் குடிக்கும் கன்றையும் குட்டியையும் அப்படிப் பட்டினி போடக் கூடாது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் பாலை நிறுத்தினால் போதும்.

இரவில் மாடு கத்துகிறதே என்று இரக்கப்பட்டு வீட்டார் ஒரு வாளி கழுநீரும் கைப்பிடி புண்ணாக்கும் வைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிற காரியம். விடிந்ததும் கேட்டால் ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கழுநீர்தான் மேஜையில் தொண்டைக்கு ஏறி வரும். வைத்திருந்தால் வைத்ததாகச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார், அல்லது நிற்க வைத்தே செய்யும் வழியைப் பார்ப்பார்.

மாட்டின் எடை தெரிந்தால் மருந்தின் அளவு சரியாக அமையும். எடை மேடை இல்லாத இடத்தில் தையல்காரரின் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின் இடுப்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 50 அங்குலம் என்றால் சுமார் 273 கிலோ. கண் மதிப்பில் இதே மாட்டை 350 என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது சைலசின் கால் பங்குக்கு மேல் கூடிவிடும்.

சினையா, எத்தனை மாதம், எத்தனை நாளாகத் தீனி எடுக்கவில்லை, சிறுநீர் சரியாகப் போகிறதா, இதற்கு முன் யாராவது ஏதாவது ஊசி போட்டார்களா ஆகிய இவற்றைக் கேட்காமலே சொல்ல வேண்டும். முரட்டுக் காளையை வண்டியில் ஏற்றப் பயிற்சி இல்லாத யாரோ ஏற்கெனவே சைலசின் போட்டிருந்தால், அதை மறைப்பது மாட்டின் உயிரோடு விளையாடுவதாகும். இந்த மருந்து மனிதருக்கும் ஆகாது. தவறிக் கையில் குத்திக்கொண்டவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மீதம் என்று சொல்லி வீட்டில் வாங்கி வைப்பது வேண்டவே வேண்டாம்.

படுக்க வைக்கும் இடத்தில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்ப வேண்டும். முன்தோளுக்கு அடியில் காற்றடைத்த லாரி டியூப் ஒன்றை வைப்பது நல்ல பழக்கம். அடியில் அகப்பட்ட காலின் நரம்பு நசுங்காமல் அது காக்கிறது. இல்லாவிட்டால் எழுந்த மாடு முன்காலை இழுத்து இழுத்து நடக்கும். முகத்தில் உள்ள கயிற்றுக் கொக்கியையும் முடிச்சையும் அவிழ்த்துவிட வேண்டும். அவை அழுந்தினால் முகம் ஒரு பக்கமாகக் கோணிவிடும்.

விழிப்பும் அதற்குப் பிறகும்

மாடு இதில் குதிரையைவிட நல்ல பிராணி. குதிரை மயக்கம் தெளிவதற்குள் எழப் பார்த்து விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும். மாடு தெளியும்வரை பொறுமையாகப் படுத்திருக்கும். அவசரப்பட்டு வாலை முறுக்கி எழுப்பக் கூடாது. வேலை முடிந்ததும் மார்பின்மேல் நிமிர்த்தி உட்கார வைத்து, இருபுறமும் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் ஏப்பம் வரும். முதல் ஏப்பம் வந்துவிட்டால் பெரிய கவலை தீர்ந்தது. இடது பக்கம் மத்தளம்போல் உப்பினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். விழுங்கும் சக்தி வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

சைலசினுக்கு மாற்று மருந்துகள் உண்டு. மாடுகளில் யோஹிம்பினைவிட டோலசோலினும் அடிபமிசோலும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் கெட்டமினோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்த மாற்று மருந்தை உடனே போடக் கூடாது. சைலசின் மட்டும் கலைந்து கெட்டமின் மிஞ்சினால் மாடு விறைத்துத் துள்ளும். மாடு சீக்கிரம் எழட்டும் என்று மாட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் டாக்டர் அரைமணி காத்திருப்பது அதனால்தான்.

மயக்கம் தெளிந்த பிறகு வலி தொடங்கும். வலியில் உள்ள மாடு தீனி எடுக்காது, பாலும் வற்றும். வலி குறைக்க மெலாக்சிகாம் ஊசி கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். மாட்டுக்கு டைக்ளோஃபினாக் 2006-லும், கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-லும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டன. அந்த மருந்து ஏறிய மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்ததே தடைக்குக் காரணம். மெலாக்சிகாமால் கழுகுக்குத் தீங்கில்லை.

மயக்க மருந்தும் வலி மருந்தும் ஏறிய பசுவின் பாலை எத்தனை வேளை கறந்து கொட்ட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். வீட்டுக்குப் புறப்படும் முன் டாக்டரிடம் அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தீவனம் முதல் நாள் மிருதுவான பசும்புல்லாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அசை போட ஆரம்பித்த பிறகே வைக்கோல், அதற்கும் பிறகே புண்ணாக்கு.